அரைக்கூடு

மில் வாசலில் எனக்கு வேலை
குலை பார்ப்பது.
லோரி கொட்டும், கொக்கியால் புரட்டுவேன்.
பத்துப் பழம் உதிர்ந்திருந்தால் பழுத்தது,
காம்பு நீண்டிருந்தால் கழிவு,
சந்தேகம் வந்தால் கோடாரி.
ஒரே போடு. உள்ளே இருப்பது தெரிந்துவிடும்.

கிதாரை அப்படிப் போட முடியாது.

சுங்கை சிப்புட்டில் டோபிக் கடைக்கு மாடியில்
லியோங்கின் கடை. படி ஏறும்போதே
இஸ்திரி ஆவி முழங்காலைத் தொடும்.
இரண்டு தொங்கின, அக்கம்பக்கமாக,
ஒரே அச்சில் வார்த்தது போல:
அதே இடுப்பு வளைவு, அதே எஃப் எழுத்துத் துளைகள்,
நடுவில் கட்டை, இரு பக்கமும் வெறுங்கூடு.

சிவப்பு ஆயிரத்து நானூற்றைம்பது வெள்ளி.
பாக்கு நிறம் நாலாயிரத்து இருநூறு.
"பெட்டி சும்மா தர்றேன்" என்றார் லியோங்,
பெட்டிக்காகத்தான் நான் தயங்குவது போல.

இடையில் இரண்டாயிரத்து எழுநூற்றைம்பது.
அதைக் குலையாக எண்ணிப் பார்த்தேன்,
ஓவர்டைமாக எண்ணிப் பார்த்தேன்,
குணவதியின் மோட்டார் தவணையாகவும்.
எந்தக் கணக்கிலும் அது இளைக்கவில்லை.

கைபேசி விளக்கைத் துளைக்குள் விட்டேன்.
சிவப்பின் உள்ளே பசை வழிந்து உறைந்திருந்தது,
பல் துலக்காத வாய்.
பாக்கு நிறத்தில் கட்டை சீராக அமர்ந்திருக்க
மூலையில் யாரோ பென்சிலால்
ஒரு தேதி எழுதி, கீழே கோடும் போட்டிருந்தார்கள்.
அந்தக் கோட்டுக்கு எவ்வளவு விலை சேர்த்திருப்பார்கள்?

தேவசகாயம் எங்கள் பேஸ் கிதார்.
"காசு குடுத்தா சத்தம் வரும்" என்றான்.
அவன் பேஸ் இரவல்.
டிரம்ஸ் ரோஸ்லான் சிரித்தான்:
கல்யாண மண்டபத்தில் தட்டுச் சத்தத்துக்கு நடுவே
எவன் காது கட்டையை அறுத்துப் பார்க்கும்?

குணவதி முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள்.
"வாசி. எது எதுன்னு சொல்லாதே."
இரண்டு முறை விலை கூடியதையே கை காட்டினாள்.
மூன்றாவது முறை,
"ரெண்டும் ஒண்ணுதான், நீதான் மாத்தி மாத்தி வாசிக்கிற" என்றாள்.
திட்டா பாராட்டா, கேட்கவில்லை.

அப்போதுதான் மழை பிடித்து மின்சாரம் போனது.
ஆம்ப்பின் சிவப்புப் புள்ளி அணைந்தது.
கீழே இஸ்திரிகளும் மூச்சை நிறுத்தின.
இருட்டில், வயர் இல்லாமல், பாக்கு நிறத்தை மீட்டினேன்.
கட்டை கனம். பணக்கார வீட்டுச் சாப்பாட்டு மேசை மாதிரி
வாயைத் திறக்கவில்லை.
சிவப்பை எடுத்தேன்.
மூன்றடி தூரத்துக்குப் பேசியது,
நாலாவது அடிக்குப் போகவில்லை.

கட்டையில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள், திருட்டுப்பயல்கள்.
அந்த மிச்சத்தில்தான் சத்தம் இருந்தது.

நான் மில்லிலிருந்து வீடு சேர இரவு பதினொன்றரை.
எங்கள் லயத்துச் சுவர் பலகை;
அந்தப் பக்கம் மங்களேஸ்வரியின் ஆறு மாதக் குழந்தை.
சாதாக் கிதார் என்றால் அது எழும்,
கெட்டிக் கிதார் என்றால் நான் ஊமை.
எனக்கு வேண்டியது பாதி வாய்.
எந்த விலைப்பட்டியலிலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

ஐம்பது வெள்ளி குறைத்தார். பெட்டி தரவில்லை.
மழை விட்டதும் பழப்பை ஒன்றில் சுற்றி
குணவதியின் முதுகுக்கும் என் வயிற்றுக்கும் நடுவே
வைத்துக்கொண்டு வந்தோம்.

மூன்றாம் வாரம் ஜாக் ஆடியது, ஈயம் வைக்கப் பன்னிரண்டு வெள்ளி.
கழுத்தோரக் கம்பிகள் விரலைக் கீறின;
கொக்கி தீட்டும் அரத்தால் நானே தேய்த்தேன்,
கொஞ்சம் அதிகமாகவே.
ஐந்தாவது கட்டத்தில் இன்றைக்கும் ஒரு கரகரப்பு.
தேவசகாயம் மேடையில் அதைக் கேட்டு
என்னைப் பார்ப்பான். நான் ரோஸ்லானைப் பார்ப்பேன்.

சம்பள நாளில் மாடி ஏறுகிறேன்,
தந்தி வாங்க என்று.
அது அங்கேயே தொங்குகிறது.
முதுகில் விரல்முட்டியால் ஒரு தட்டுத் தட்டுகிறேன்,
பழக்கம்.
விலைச்சீட்டு ஜன்னல் வெயிலில் வெளுத்துவிட்டது,
இருநூறு போய்விட்டது,
நாலு மட்டும் இன்னும் தெரிகிறது.